நாற்பத்து மூன்றாம் வீடு

ஜாவாத் தீவின் ஒரு சிற்றூரில் இல்லாத குடும்பம் ஒன்றை நான் உண்டாக்கினேன். அதற்கு வயல் கொடுத்தேன், எருமை கொடுத்தேன், ஐந்து பிள்ளைகளையும் கொடுத்தேன். பிறகு அந்தப் பழியை ஒரு பெண்ணின் தலையில் கட்டினேன். இதுதான் என் குற்றம். இனி நீங்கள் சிரிப்பதானால் சிரிக்கலாம்... நானே நடுநடுவே சிரித்துவிடுவேன்!

எழுபதுகளின் தொடக்கம். ஜெர்மனியின் பான் நகரில் வேளாண் பொருளியல் படித்துக்கொண்டிருந்தேன். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு நிலம் உண்டு. ஆகவே உலகத்து உழவர் அனைவரையும் எனக்குத் தெரியும் என்ற திமிரும் உண்டு.

என்னோடு சுமர்னி என்ற ஜாவாப் பெண்ணும் அதே பேராசிரியரிடம் ஆய்வு செய்தாள். தன் ஊருக்கு அடுத்த ஊரில், மழையிலும் சேற்றிலும் அறுபது வீடுகள் ஏறி இறங்கி, வீட்டுக்கு ஒரு தாள் வீதம் எழுதி வந்திருந்தாள். எவ்வளவு வயல், எத்தனை தென்னை, யார் நடுகிறார்கள், யார் அறுக்கிறார்கள்... கடைசிக் கேள்வி, "உங்களுக்குப் பின் இந்த வயல் யாருக்கு?"

அந்தக் கேள்விதான் அவள் ஆய்வின் உயிர். எங்கள் ஊர்க் கணக்கில் இரண்டு மா, முக்கால் ஏக்கர்கூட வராது, அதை வைத்திருப்பவன் அங்கே பெரிய புள்ளி. அந்தக் கையகல வயலிலும் பெண்பிள்ளைக்குப் பங்கு உண்டு என்று அவள் காட்ட விரும்பினாள். "அறுபது வீட்டில் ஒரு வீடு கூட விலக்கில்லை!" என்று குதிப்பாள். அது நிலைத்தால் இன்னும் இரண்டாண்டு உதவித்தொகை கிடைக்கும். முனைவர் பட்டத்தைப் பானிலேயே முடிக்கலாம்.

அந்தத் தாள்களைக் கணிப்பொறி அட்டைகளில் துளையிட்டு ஏற்றுவது என் வேலை.

பானில் கார்னிவல் திருவிழா வந்தது. அந்த ஊரில் அதற்கென்று ஒரு வியாழக்கிழமை உண்டு. பெண்கள் கத்தரிக்கோலோடு தெருவில் இறங்கி, அகப்பட்ட ஆண்களின் டையை நறுக்கிவிடுவார்கள். பதிலுக்குக் கன்னத்தில் ஒரு முத்தம் கிடைக்கும். ரொட்டிக்கடைப் பெண் ஒருத்தி என்னுடைய ஒரே டையைக் கொய்தாள். நான் சொக்கிப் போனேன்... பொய் சொல்வானேன்!

ஊர்வல வண்டிகளிலிருந்து மிட்டாய்களை வாரி இறைத்தார்கள். இரண்டு கை நிறையப் பிடித்தேன். அவளுக்கு எப்படிக் கொடுப்பது? பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, வறுகடலைக்குச் சுற்றுவதுபோல் கூம்பாகச் சுற்றி, நுனியை மடக்கி, மிட்டாயை நிரப்பி நீட்டினேன். அவள் வாயைப் பிளந்தாள். ஜெர்மனியில் அப்படியொரு பொட்டலத்தை அவள் கண்டிருக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் அன்று முழுவதும் தரையில் நடக்கவில்லை.

கொண்டாட்டமெல்லாம் முடிந்து வேலைக்கு உட்கார்ந்தால், நாற்பத்திரண்டாம் வீட்டுத் தாளுக்கு அடுத்து நாற்பத்து நான்கு.

ரொட்டிக்கடைக்கு ஓடினேன். "அந்தக் காகிதமா? மிட்டாய் தீர்ந்ததும் அடுப்பில் போட்டேனே!" என்று அவள் சிரித்தாள்.

விடுதியில் என் அறைத்தோழர் சிவம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "என்ன ஐசே, கப்பல் கவிண்டமாதிரி இருக்கிறீர்?" என்றார். சொன்னேன்.

"இதுக்கே இந்தப் பாடு? அறுபது வீட்டிலை ஒரு வீடு. ஆர் பாக்கப் போகினம்? நீரே ஒண்டை எழுதிப் போடும்!"

அவர் மேல் பழி போடவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன். சுமர்னியிடம் போய் உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அவள் என்னை 'மாஸ்' என்று அழைப்பாள். அவர்கள் மொழியில் அண்ணன். "உங்களைப் போல் கவனமானவரை நான் பார்த்ததில்லை, மாஸ்" என்பாள். அந்தப் பெயர் போய்விடுமே என்றுதான்... வெட்கக்கேடு!

ஒரு பிற்பகலில், தாள் இல்லாமலே, நேரே அட்டையில் குடும்பத்தை உண்டாக்கினேன். தலைவர் பெயர் கர்த்தோ. இரண்டு மா வயல். ஒரு சோடி எருமை. கொல்லையில் பலா. இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். கடைசிக் கேள்விக்கு யோசிக்கவே இல்லை. கை தானாகத் துளையிட்டது. வயல் மகன்களுக்கு ஆளுக்குப் பாதி. மகள்களுக்கு நகையும் பாத்திரமும் போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று!

உங்களுக்குப் புரிகிறதா? நான் ஜாவாவை எழுதவில்லை. மன்னார்குடியை எழுதினேன். எழுதும்போது உறுத்தவும் இல்லை. வேறு எப்படி இருக்கும் என்றுதான் நினைத்தேன்!

கணிப்பொறி தந்த முடிவுகளைப் பார்த்துப் பேராசிரியர் துள்ளினார். "வுண்டர்பார்! அற்புதம்! ஊரில் ஒரே ஒரு வீடு மாறி நிற்கிறது. ஏன்? இதுவல்லவா ஆய்வு!"

சுமர்னியின் முகம் வெளுத்தது. "அந்த வீட்டில் கர்த்தோ என்று யாரும் இல்லை. ஒரு கைம்பெண்ணும் இரண்டு மகள்களும். அந்த அம்மா என் கையைப் பிடித்து, 'வயல் இவளுகளுக்குத்தான், சரியா எழுதிக்கோ' என்றார்."

"நினைவு சான்றாகாது. தாள் எங்கே?" என்றார் பேராசிரியர். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த ஒரு கணம்... அதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தேன். மற்றதெல்லாம் விளையாட்டு.

"தாளில் இருந்ததைத்தான் துளையிட்டேன்" என்றேன். "அறுபதையும் இவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்."

குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தப்பித்திருப்பாள்!

வெளியே வந்ததும் சுமர்னி சொன்னாள், "நீங்கள் இவ்வளவு உறுதியாகச் சொன்னால் நான்தான் குழப்பியிருப்பேன், மாஸ். அறுபது வீடு, மழை வேறு..." என்னைத் தேற்றுவதுபோலச் சிரித்தாள்.

பிறகு அவள் கர்த்தோவைப் பற்றி எழுதினாள். ஏன் மகள்களுக்கு வயல் கொடுக்கவில்லை, என்ன மனத்தாங்கல், எந்த ஊரிலிருந்து வந்து குடியேறியவர்... இல்லாத மனிதருக்கு இருபத்திரண்டு பக்கம்! நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். சில இடங்களில் எனக்கே அவர் மேல் கோபம் வந்தது. சிரியுங்கள், பாதகமில்லை.

தேர்வாளர்களுக்கு அந்த விளக்கம் ஒப்பவில்லை. தாளைத் தொலைத்த மாணவி என்ற பேச்சும் எழுந்தது. உதவித்தொகை வேறொருவருக்குப் போயிற்று. "பரவாயில்லை, இங்கே நல்ல வாழைப்பழமே கிடைப்பதில்லை" என்று சொல்லிவிட்டு சுமர்னி ஊருக்குக் கிளம்பினாள். ரயிலடியில் அவள் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவன் நான்.

மூன்றாண்டுகள் கழித்து அஞ்சலில் ஒரு நூல் வந்தது. அவள் ஊருக்குப் போய், அந்தச் சிற்றூரில் மறுபடி அறுபது வீடும் ஏறியிருக்கிறாள். நாற்பத்து மூன்றில் அந்தத் தாயும் இரண்டு மகள்களும் இருந்தார்கள். வயல் மகள்கள் பெயரில் இருந்தது. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! அறைக்குள் எழுந்து நடந்தேன், சத்தமாகச் சிரித்தேன்.

பிறகுதான் முன்னுரையைப் படித்தேன். "முந்தைய ஆய்வில் நாற்பத்து மூன்றாம் வீட்டைப் பற்றி எழுதியது முற்றும் பிழை. என் கவனக்குறைவே அதற்குக் காரணம். அந்தத் தாயிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன்." அடுத்த வரியில், கவனத்தோடு துணைநின்றவர் என்று என் பெயரைச் சொல்லி நன்றி.

பதில் எழுதினேன். நூல் அருமை என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன்.

இப்போதும் ஆண்டுக்கொரு வாழ்த்து அட்டை அவளிடமிருந்து வருகிறது. முகவரி என்னிடம் இருக்கிறது. ஜெர்மன் மொழியும் மறக்கவில்லை. ஆனாலும் இதையெல்லாம் தமிழில் எழுதி உங்களிடம் தருகிறேன்... ஏனென்றால், சுமர்னிக்குத் தமிழ் தெரியாது.