மடியில் வந்த செம்பு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதக் காலை. மாட்டுத்தாவணியில் இருந்து ஒத்தக்கடையைத் தாண்டி இருக்கும் ஒரு கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அப்போது ஆறு மாதக் கர்ப்பம். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் என் ஆராய்ச்சி.

செல்போன் சிப்புக்குள் மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகள் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியவை. அந்தச் செம்பு, கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி மணிகள் சேர்ந்தது. மணிகள் எந்தத் திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் கோடு நீடிக்கும், அல்லது சீக்கிரம் அறுந்துபோகும். அப்படிச் செம்பு பூசிய சில்லுகளை எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்க்கத்தான் போனேன். பல மாத உழைப்பு. விரல் பட்டாலே வீண்.

கூட்டம், புழுக்கம். கண் இருட்டிக்கொண்டு வந்தது மட்டும் நினைவிருக்கிறது. விழித்தபோது ஒத்தக்கடையில் ஒரு ஜூஸ் கடை பெஞ்சில் இருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, கட்டட வேலைக்குப் போகிறவர், என்னைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

“அக்கா, என் பெட்டி?”

“அது பஸ்ஸோட போயிருச்சு. பொட்டிய அப்புறம் பாப்போம் தாயி. புள்ள அசையுதான்னு பாரு மொதல்ல.”

என் வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தார். உள்ளே மெதுவாக ஓர் உதை. அவர் முகம் மலர்ந்ததும் எனக்கு அழுகை பொங்கியது.

“அந்த பஸ்ஸு மேலூரு போயிட்டு இந்த வழியாத்தேன் திரும்பும். நீ ஒக்காரு.”

அவருக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் வெயிலில் நின்றார். வெகுநேரம் கழித்து வந்த பஸ்ஸை, ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் விரித்து மறித்தே விட்டார்.

கண்டக்டர் பெட்டியோடு இறங்கி என்னிடம் வந்தார். “ஒடம்பு இப்ப எப்புடிம்மா இருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் அதை நீட்டினார். “தொடக்கூடாதுன்னு மேல எழுதியிருந்துச்சு. சீட்டுல வச்சா யாராச்சும் ஒக்காந்துருவாகன்னு டிரைவர் அண்ணே மடியிலயும் என் மடியிலயுமா வச்சுக் கொண்டு வந்தோம்.”

சில்லுகளில் ஒரு கீறல் இல்லை. நன்றி சொல்லத் திரும்பினால், அக்கா அதற்குள் வேலைக்கு நடந்துவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஆராய்ச்சி முடிந்தது, மகளும் பிறந்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒருத்திக்காக நடுரோட்டில் இறங்கி பஸ்ஸை மறிக்கும் அந்த மனசு என் மகளுக்கும் வாய்க்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் என் வேண்டுதல்.