சட்டையில் குத்திய பேட்ஜ்

போன வாரம் நைனார்பாளையம் பக்கம் எங்கள் மரவள்ளிக் கொல்லைக்குப் போனேன். களையெடுக்க ஆளைக் காணோம். வழக்கமாக வரும் செல்வி பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்றிருந்தாள். அவள் தெருவே அங்கேதான் நின்றது. அன்றைக்கு ரிசல்ட்!

என்ன ரிசல்ட்?

குழாய் பதிக்க வந்த ஒரு கம்பெனி வண்டியிலிருந்து சின்ன உலோகத் துண்டு ஒன்று ரோட்டில் விழுந்துவிட்டது. வெல்டிங்கை எக்ஸ்ரே மாதிரி படம் எடுக்கிற கதிர்வீச்சுச் சாமான். செல்வியின் கணவன் ஏழுமலை அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பளபளவென்று கிடந்தால் யார்தான் எடுக்கமாட்டார்கள்? பகல் முழுக்க அது அவன் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. சாயங்காலம் வாந்தி. அப்புறம் மார்பெல்லாம் புண். இப்போது சென்னை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

மறுநாளே ஆட்கள் தேடி வந்து, சாமானை ஈயப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். அதற்கப்புறம் — கவனியுங்கள், அதற்கப்புறம்தான் — தெருவில் ஆளுக்கொரு பேட்ஜ். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு படுகிறது என்று அளக்குமாம். ஜனங்கள் பயம் தெளியட்டும் என்று கொடுத்தார்களாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

பேட்ஜ்களைத் திரும்ப வாங்கிச் சோதித்துவிட்டு வந்த இளம் அதிகாரி பெயர் பெயராக வாசித்தார். எல்லோருக்கும் நார்மல். வேறென்ன வரும்? சாமான்தான் போய்விட்டதே...

"செல்வி... நார்மல்."

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் என்னைத் தொட்டதில்லை.

"ண்ணா, அவருக்கு ஒண்ணும் இல்லியாம்ண்ணா!"

"அவனுக்கா? உன் பேரைத்தானே படிச்சாரு?"

"நான் எங்க போட்டுக்கினேன்? அவரு சட்டையிலதான் குத்தி வெச்சேன். அந்தச் சாமானை வெச்சிக்கினு வந்தாரே, அதே சட்டைங்க. ஆணியிலதான் தொங்குது. அன்னிக்கு எவ்ளோ பட்டுச்சின்னு டாக்டருங்க கேட்டுக்கினே கீறாங்க இல்ல... அதான்."

உண்மையைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மாட்டிய நாளிலிருந்துதான் அது அளக்கும் செல்வி, அன்றைக்குப் பட்டது அதற்குத் தெரியாது.

கையை விட்டுவிட்டாள்.

"அப்ப இத்த இன்னாத்துக்குண்ணா எங்களுக்குக் குடுத்தாங்க?"

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அடுத்த பெயரை வாசித்தார். நல்ல பையன்தான், பாவம். தேவைப்பட்ட அன்றைக்கு ஒருவனிடமும் இல்லாத கருவி, தேவை தீர்ந்த பிறகு தெருவுக்கே கிடைக்கிறது. இந்த நாட்டில் இது மாறும் என்ற நம்பிக்கை எனக்கு அறவே போய்விட்டது.

அப்போது அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏழுமலைதான். ரிசல்ட் என்னவென்று கேட்கிறான்.

செல்வி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லியாம்யா. நார்மலாம். ஒயுங்கா சாப்டுட்டுப் படு."

பொய்யில்லை. சட்டைக்கு நார்மல்தான்.