பாதி எழுத்தில் எழுதிய பஸ் வழி

அண்ணன் மையால் எழுதிய அந்தப் பெரிய வெள்ளைத்தாளை உலர வைக்க எங்கள் வீட்டில் அப்பாவின் கட்டிலைத் தவிர வேறு இடமில்லை. காற்றில் பறக்காமல் மூலைகளில் மணல் நிறைத்த தேங்காய்ச் சிரட்டைகள் வைத்திருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அம்மா கோழிகளை விரட்டிக்கொண்டே நின்றாள்.

அண்ணன் அப்போது எங்கள் கிறிஸ்தவ சபையாரின் உதவியில் திருவனந்தபுரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ஒரு சேதி கம்பி வழியாகப் போகும்போது பாதி அழிந்தாலும் மறுமுனையில் இருப்பவருக்கு எப்படிப் புரிகிறது என்பதைத் தாளில் எழுதிக் கண்காட்சியில் வைக்க வேண்டும், மூன்று பேர் சேர்ந்து செய்ய வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஒரு வரியில் பாதி எழுத்தை விட்டுவிட வேண்டும், பார்க்கிறவர்கள் மீதியைத் தாங்களே நிரப்பி வாசிக்க வேண்டும்.

அண்ணனோடு சேர்ந்தவர்களில் ஒருவர் எங்கள் பாறசாலையிலேயே ஒரு சைவ வீட்டுக்காரர். மற்றவர் அதியன்னூர் மலையாளி. தமிழ் நன்றாக வாசிப்பார், என்னைத் தங்கச்சி என்பார்.

முதலில் அண்ணன் எழுதியது ஒரு வேத வசனம். பாதி எழுத்து இல்லாமலேயே அம்மா கடகடவென்று சொல்லிவிட்டாள். அண்ணனுக்குப் பெருமை. அதியன்னூர்க்காரர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எடே, இது தாளு பறையல்ல. உங்க அம்மச்சி மனப்பாடமாட்டு பறையுதாவ. எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல."

"சபைக்கு வந்து உக்காரு, எல்லாம் மனசிலாவும்," என்றார் அண்ணன்.

"அப்ப கண்காட்சிக்கு வாறவங்களையும் ஞாயிற்றுக்கிழமை கூட்டீட்டுப் போ."

திருவனந்தபுரத்துக்குப் பஸ் போகிற வழியை எழுதலாம், அது எல்லாருக்கும் மனப்பாடம் என்று சொன்னதும் அவர்தான். உன் கையெழுத்து தமிழில்தான் அழகு, தமிழிலேயே எழுது என்றதும் அவர்தான். களியக்காவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம். பாதி எழுத்து இல்லாவிட்டாலும் அந்த வழியில் போய்வருகிற யாரும் தடுமாறாமல் வாசித்தார்கள்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த சமயம். எந்த ஊர் தமிழ்நாட்டோடு சேரும், எது இங்கே திருவனந்தபுரத்தோடு நிற்கும் என்பதே எங்கும் பேச்சு. தாளில் எழுதியதும் அதே ஊர்களைத்தான் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, பாருங்கள். கண்காட்சிக்கு முன்னால் சைவ வீட்டுக்காரர் போராட்ட ஊர்வலத்தில் போலீசிடம் பிடிபட்டார். தாளின் அடியில் அவர் பெயரும் இருந்தது. அதை அடித்துவிடு என்றார் அப்பா. மூன்று பேர் செய்தது, மூன்று பேரும் இருக்கட்டும் என்றார் அண்ணன்.

கண்காட்சிக்கு வந்த ஓர் உத்தியோகஸ்தர் தமிழில் அந்த ஊர்களையும் கைதானவரின் பெயரையும் பார்த்துவிட்டு, இது போராட்டக்காரர்களின் சுவரொட்டி என்றாராம். வெறும் பஸ் வழி என்று அண்ணன் சொன்னதை நம்பவில்லை. பக்கத்தில் நின்ற அதியன்னூர்க்காரரிடம், இது யார் யோசனை என்று கேட்டார். மலையாளியான அவர், என் யோசனைதான் என்று வாய் திறந்தால் அண்ணன் தப்பலாம். அவருடைய அப்பாவோ சர்க்கார் வேலையில் இருந்தவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கல்லூரியை விட்டு நீக்கினார்கள்; அண்ணனின் படிப்பு அன்றோடு முடிந்தது.

அம்மா அவரைத் திட்டத் தொடங்கியபோது அண்ணன் தடுத்தார். "அவனை ஏசாண்டாம்மா."

பிறகு எல்லை பிரிந்தது. அண்ணன் நாகர்கோவிலில் ஜவுளிக்கடை வேலைக்குப் போனார். பாறசாலை இந்த மலையாளப் பக்கமே நின்றது. நானும் கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டிலேயே நின்றேன். அப்பாவும் அம்மாவும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனால் பேச ஆளில்லாத வீடு.

அப்படி ஒரு பகலில் அதியன்னூர்க்காரர் வந்து கேட்டில் நின்றார். தலை நரைத்திருந்தது.

"அவன் உண்டா, தங்கச்சி?"

"நாகர்கோவில்ல ஆக்கும். கிறிஸ்மஸுக்கு வருவாவ. உள்ள வந்து இரியுங்க."

அவர் அசையவில்லை. "அன்னைக்கு, இது பஸ் போற வழியாக்கும்னு சொல்ல எனக்கு எத்தற நேரம் ஆயிருக்கும், தங்கச்சி?"

நான் உள்ளே போனேன். தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்.

கிறிஸ்மஸுக்கு வந்த அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"உள்ள வந்து இருந்தானா?"

"இல்ல."

"நீ கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

அண்ணன் சரி என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகும் அண்ணனும் அவரும் இந்த உலகத்தில் பார்த்துக்கொள்ளவில்லை. இப்போது இருவரும் இல்லை; என் வீட்டுக்காரரும் இல்லை. சாயங்கால ஜெபத்தில் நான் ஒருத்திதான். அதியன்னூர்க்காரர் வேறு சாமியைக் கும்பிட்டவர். ஆனாலும் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.