மச்சான் பெயரில் போன கட்டி

"மூன்றாம் குழு நோயாளி. ஆய்வுக்கு முழு மனத்துடன் சம்மதித்தவர். ஒத்துழைப்பு நன்று. சந்தேகங்கள் ஏதுமில்லை." பெருங்குடல் புற்றுநோய் ஆய்வுக் கோப்பில் அவரைப் பற்றி இப்படித்தான் எழுதியிருக்கிறது. கடைசி வாக்கியத்தைப் படித்தால் அவர் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எடை அளவை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்கள் வைத்த பெயர் தராசு. சோதனைக்குத் தானே போய் நிற்கமாட்டார். வேறு யாரையாவது சாமான் வாங்க அனுப்பி, வாங்கி வந்ததைத் திரும்ப எடை போடுவார். வீட்டிலும் அதே கண்தான். மனைவி சிரித்தால் எதற்கு என்பார். சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறாய் என்பார்.

அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்தாயிற்று. பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவில்லை. இந்த நிலையில் பலரைக் கீமோ மருந்தில்லாமலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஆய்வுக்காரர்கள் கட்டியின் மரபணு மாற்றங்கள், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற விவரம், புரதங்கள் எல்லாவற்றையும் கணினியில் சேர்த்துப் போட்டார்கள். யார் எத்தனை காலம் பிழைத்தார்கள் என்பதோடு ஒப்பிட்டு, நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்தார்கள். இவருக்கு விழுந்தது சீக்கிரம் போகிறவர்கள் அதிகமுள்ள குழு.

"மருந்து ஏத்திக்கிட்டா நல்லது. தள்ளிப் போடாதீங்க," என்றார் டாக்டரம்மா. "இந்தக் குழுவுல எல்லாரும் போயிடுறதில்ல. ஆனா சும்மா இருக்க வேண்டாம்."

"ஒவ்வொண்ணா பாத்தா என்னம்மா சொல்லுது?"

"ஒவ்வொண்ணா பாத்தா பெருசா ஒண்ணும் தெரியல. சேத்துப் பாத்தாதான் தெரியுது."

சேர்த்து எடை போட்டால் மட்டும் கணக்குக் கூடுகிற கடைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். யோசித்துச் சொல்வதாக எழுந்துவிட்டார். வாசலுக்கு வந்ததும் மனைவியிடம், "கட்டி மாறிப்போச்சுடி. வேற எவனோடதோ," என்றார்.

ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்து வைத்திருந்த கட்டித் துண்டைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, அதே சோதனையைச் செய்கிற வேறு ஊர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார். சொந்தப் பெயரில் அனுப்பினால் இரண்டு பக்கமும் பேசி வைத்துக்கொள்ள மாட்டார்களா? தொழில் வழக்கப்படி போலி வாடிக்கையாளர் வேண்டும். போலிக்கு நிஜ விலாசமும் வேண்டும். மனைவியின் தம்பி பெயரையும் போன் நம்பரையும் கொடுத்தார். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெட்டுவிடும்.

வாரங்கள் ஓடின. மருந்து தொடங்க வேண்டிய கெடு நெருங்கியது. டாக்டரம்மா போன் செய்தபோது, "இவங்களுக்கு என்ன இவ்வளவு அவசரம்?" என்று அதையும் குற்றச்சாட்டில் சேர்த்துக்கொண்டார்.

ஒரு காலை மச்சான் வந்தார். எப்போதும் நக்கல் பேசுகிற மனுஷன், நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, எனக்குக் குடல்ல கட்டியாம். போன் பண்ணிச் சொன்னாங்க. மோசமான குழுவாம். நான் எப்போ கட்டி குடுத்தேன்னே ஞாபகம் இல்லக்கா. பசங்ககிட்ட என்னன்னு சொல்வேன்?"

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். "நீங்களா?"

"ஒரு சோதனைக்குத்தான்..."

"அடப்பாவி மாமா!" மச்சான் துள்ளி எழுந்தார். "பஸ்ஸுல வயித்தைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரன் பயந்து எழுந்து போயிட்டான்!" பிறகு சட்டென்று அடங்கினார். "அப்போ... அது உங்களுதா?"

தராசு தலையாட்டினார்.

"ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி சொல்லியிருக்கானுங்க," என்றார் தராசு. "அதுதான் இடிக்குது."

"வேற மாதிரி சொல்லியிருந்தா?" என்றார் மச்சான்.

"மெஷின் கோளாறுன்னு சொல்லியிருப்பேன்."

"அப்போ எதைச் சொன்னா நம்புவீங்க?" என்றாள் மனைவி.

அவர் மச்சான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு இல்லை என்று தெரிந்த பிறகும் அது வெளுத்தே இருந்தது. பேசி வைத்துக்கொண்டு அப்படி வெளுக்க முடியாது.

மறுநாள், கெடு தாண்டுவதற்குள், ஆஸ்பத்திரிக்குப் போனார். மருந்து ஏற்றிய ஒவ்வொரு தடவையும் பையில் இருப்பது தன் பெயர்தானா என்று படித்துப் பார்த்தார். நர்ஸையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கையை நீட்டினார். ஒரு சுற்றுகூட விடாமல் மருந்து முழுவதையும் ஏற்றிக்கொண்டார்.