போட்டோக்கொப்பியில் வளர்ந்த அண்ணை

கனடாவின் மிசிசாகாவில் எங்கள் ஒஃபீசில் போன கிழமை பழைய போட்டோக்கொப்பி மிசினைத் தூக்கிவிட்டுப் புதுசு வைத்தார்கள். புதுசு சத்தம் போடாது, சூடாகாது, மணமும் இல்லை. எனக்கு அந்த மணம்தான் வேண்டும். அப்போதுதான் வெளியே வந்த தாளை மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் வருமே, ஒரு சுட்ட மணம், அது. பழைய மிசினை வண்டியில் ஏற்றும்போது நான் கிட்டப் போய் மணந்து பார்த்ததை ஆரோ கண்டுவிட்டார்கள். மத்தியானம் சாப்பிடுகிற இடத்தில் அதுதான் பகிடி. பண்ணட்டும். அவர்களுக்குப் பார்க்டேல் தெரியாது.

ரொறன்ரோவின் பார்க்டேலில் நாங்கள் வந்திறங்கிய காலத்தில், ஒரு கட்டிடத்தின் பேஸ்மென்றில் கொமிக்ஸ் கடை ஒன்று இருந்தது. வாசிப்பு ஆர்வத்தில் அதற்குள் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்கார் வரவில்லை, குளிர் காதைப் பிய்த்தது, அந்தக் கதவிடுக்கால் சூடு வந்துகொண்டிருந்தது. கடைக்காரியின் பெயர் கிளேர். ஆள் பெரிதாகக் கதைக்காது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நின்று வாசிக்க விடும்.

முகமூடி போட்ட வீரர்கள் பறந்து திரிவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். ஒருத்தரும் பறக்கவில்லை. முதலில் கையில் எடுத்த புத்தகத்தில் ஒரு பொம்பிளை லோண்ட்ரிக்குப் போய் உடுப்புக் காயும்வரை காத்திருக்கிறா. அவ்வளவுதான் கதை. ஒரு பக்கம் முழுக்க மிசின் சுத்துகிறது, அவ பார்த்துக்கொண்டிருக்கிறா. கடைசியில் ஒற்றைச் சொக்ஸைக் காணவில்லை. என்னுடைய இங்கிலிஷ் அப்போது மட்டுமட்டு, ஆனால் இதற்கு அதுவே மிச்சம். இதையும் புத்தகமாகப் போடலாமோ என்று கிளேரைக் கேட்டேன். ஆர் வேண்டாம் என்றது என்று திருப்பிக் கேட்டா. அந்தப் பொம்பிளை தானே படம் கீறி, தானே போட்டோக்கொப்பி அடித்து, நடுவில் ஸ்ரேப்பிள் குத்திக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாவாம். அந்த ஸ்ரேப்பிளைத் தடவிப் பார்த்தேன். பிறகென்ன, ஸ்ரீட்கார் நேரத்துக்கு வந்த நாட்களிலும் அங்கேதான் நின்றேன்.

வீட்டுக்குக் கொண்டுபோன முதல் புத்தகத்தின் அட்டையில் ஒரு கிழவரின் முகம். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து எடுத்துப் பார்த்தா.

"ஆர் தம்பி இவர்? எப்ப மோசம் போனவர்?"

எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களின் கையில் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுத்துவிடுவார்கள். அட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரமும் அவருடைய வரலாறும். மெல்லிசு, கறுப்பு வெள்ளை, நடுவில் ஸ்ரேப்பிள். அந்த அளவில் வேறொரு புத்தகத்தை அம்மா கண்டதில்லை. கல்வெட்டை எறியவும் கூடாது, அதில் கால் படவும் கூடாது. ஆகவே என் கொமிக்ஸ் எல்லாம் சாமிப்படத் தட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. விளங்கப்படுத்திப் பார்த்தேன். ஆரோ பெத்த பிள்ளையள்தானே, இருக்கட்டும் என்றா. சொக்ஸைத் துலைத்த பொம்பிளையும் கொஞ்சக் காலம் விபூதி மணத்தோடு இருந்தா.

கல்வெட்டு என்றால் எங்கள் வீட்டில் இன்னொரு கதையும் இருக்கிறது. அண்ணை ஊரில் யுத்த நேரம் காணாமல் போனவர். சைக்கிளில் கடைக்குப் போனவர் திரும்பவில்லை, ஆர் பிடித்தது என்று இன்றைக்கும் தெரியாது. அப்பா இங்கே செத்தபோது கல்வெட்டு அடிப்பித்த மாமா, பிள்ளைகளின் பெயர்களைப் போடுகிற இடத்தில் அண்ணையின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்த்துவிட்டார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். அம்மா சண்டை பிடிக்கவில்லை. பெட்டியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து அந்தச் சொல்லைப் பேனையால் வெட்டினா. வந்த சனம் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டது. அதற்குப் பிறகு அண்ணையின் கதையை வீட்டில் ஒருத்தரும் எடுப்பதில்லை.

அப்படியிருக்க எனக்கு அண்ணையைக் கீறவேண்டும் என்று வந்தது. கிளேரின் கடையில் வாசித்ததெல்லாம் சொந்தக் கதைகள். என்னிடம் இருந்த சொந்தக் கதை அவர்தான். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிற அண்ணை, என் பங்கு முறுக்கையும் தின்றுவிட்டுச் சிரிக்கிற அண்ணை. எனக்குக் கீறவும் வராது. பக்கத்துக்குப் பக்கம் மூக்கு வேறு வேறு ஆட்களின் மூக்கு. எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி அடித்து, மடித்து, ஸ்ரேப்பிள் குத்திய பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். அட்டையில் அண்ணையின் முகம், கறுப்பு வெள்ளையில். அம்மாவின் கைக்குப் போனால் இது கல்வெட்டுத்தான். அவவின் பிள்ளையை நானே சாகடித்ததாக ஆகிவிடும். கடையில் கொண்டுபோய் வைத்தேன், வீட்டில் மூச்சு விடவில்லை.

என்ன செய்து என்ன, கோட்டுப் பொக்கற்றுக்குள் ஒன்று கிடந்திருக்கிறது. தோய்க்க எடுத்த அம்மா கண்டுவிட்டா. நான் வேலையால் வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குசினி மேசையில் அதை விரித்து வைத்திருந்தா. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், அம்மா இது கல்வெட்டு இல்லை என்று தொடங்கினேன்.

"தெரியும். கல்வெட்டிலை ஒருத்தரும் பல்லுக் காட்டிச் சிரிக்கமாட்டினம்." ஒரு பக்கத்தை விரலால் தட்டினா. "ஆனா இப்ப உவனுக்கு இவ்வளவு தலைமயிர் இராது. உங்கடை அப்பாவுக்கும் கெதியாத்தான் கொட்டினது. அடுத்ததிலை சரியாக் கீறு."

அடுத்ததைக் கீறினேன், பிறகு அதற்கடுத்ததையும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சொல்லச் சொல்ல அண்ணைக்கு வயது போனது. மூக்குக்கண்ணாடி வந்தது, வயிறு வண்டி வைத்தது. ஒரு பள்ளிக்கூட ரீச்சரைக் கட்டிவைத்தா, பிறகு அந்த மருமகளோடு சண்டை கொழுவியும் பார்த்தா. ஒரு விண்டரில் அண்ணையை ரொறன்ரோவுக்கே கூப்பிட்டு நீலக் கோட்டு வாங்கிப் போட்டுவிட்டா. போட்டோக்கொப்பியில் ஏது நீலம், ஆனாலும் ஓம் என்றேன். கிளேரின் கடையில் வாங்கி வாசித்த சிலர் அண்ணை சுகமோ என்று கேட்டுவிட்டார்கள். அம்மா நம்பினாவோ, விளையாடினாவோ, நான் கேட்கவில்லை. அண்ணையின் பெயரைச் சொல்லிச் சிரிக்கிற அம்மாவை அந்த மேசையில்தான் கண்டேன். அந்த ஞாயிறுகளில் எனக்கு இருந்த சந்தோசம் பிறகு வாய்க்கவில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்ஃபோன் விற்கிறார்கள். கிளேர் எங்கேயென்று தெரியாது. நான் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி, பால் வாங்கவும் கார் எடுக்கிற ஆளாகிவிட்டேன். இந்த மாதிரிப் புத்தகங்கள் தடித்த அட்டையோடு மோல் கடைகளிலேயே வருகின்றன. வடிவாகத்தான் இருக்கின்றன, வாங்குகிறேன்.

அம்மா மோசம் போனபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் போய் இருந்து அண்ணையின் தலையைக் கீறத் தொடங்கினேன். பென்சில் நின்றுவிட்டது. இப்போது அவருக்குப் பல்லுக் கட்டியிருக்குமோ, தடி ஊன்றுவாரோ, ஆரைக் கேட்கிறது? ஊரில் காணாமல் போன அண்ணை எனக்கு இல்லாமல் போனது அன்றைக்குத்தான்.