நாலாவது வீல் பாக்கி

அந்தோணி போய்விட்ட செய்தி வந்தபோது நான் பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு பெயின்ட் கடையில், அவன் வாங்கிவரச் சொன்ன ப்ரைமர் டப்பாவோடு நின்றிருந்தேன். "அண்ணா, பூசைக்குக் கிளம்பினவரு அப்படியே சாஞ்சிட்டாரு" என்று போனில் அழுதார் அவன் மனைவி மேரி. எனக்கு அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல். நாலாவது வீலை முடிக்காமலே தப்பித்துவிட்டானே!

நம் ஆபீசில் அவனோடு மாரடித்த உங்களுக்கு அவனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டோர்ஸில் ஒரு சாமானை இடம் மாற்றி வைத்துவிட்டால்கூட, "அது அங்கதாம்ப்பா இருக்கணும்" என்பானே தவிர, தப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டான்.

என் பழைய காருக்கு அலாய் வீல் போடலாம் என்று கிளப்பிவிட்டதும் அவன்தான். சிவாஜிநகரில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் நாலு வீல்கள் கிடந்தன. யாரோ ஆசையாகப் போட்டு, பிளாட்பாரத்தில் உரசி உரசியே பாழாக்கியவை. "கண்ண மூடிக்கிட்டு வாங்குப்பா" என்றான். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

அதன்பிறகு எல்லா ஞாயிறும் ஒக்கலிபுரத்தில் அவன் வீட்டுச் சந்தில்தான் கழிந்தன. பழைய பெயின்டை உரித்து, விளிம்புக் கீறல்களில் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம். போதும் என்று நான் எழுந்தால், கட்டைவிரல் நகத்தை விளிம்பில் ஓடவிட்டுப் பார்ப்பான். "மாட்டுது பாரு. நகம் மாட்டினா வேலை முடியல." ஒருமுறை, பெயின்ட் அடித்துக் காய்ந்து பளபளத்த வீலின் மேல், பெயின்டைக் கரைக்கும் தின்னரை ஊற்றிவிட்டான். எனக்கு ரத்தம் கொதித்தது.

"டேய், இது ரோட்டுல ஓடப்போற சக்கரம்டா!"

"ஓடட்டும். நிக்கறப்ப நாலு பேரு பாப்பான் இல்ல?"

துவைத்த துணியில் தூசி படிகிறது என்று எதிர்வீட்டம்மா கன்னடத்தில் கத்துவார். "ஆய்த்தம்மா, ஆய்த்து" என்பான் இவன். ஆச்சு ஆச்சு என்றானே தவிர, ஆனது எதுவும் இல்லை. மூன்று வீல் முடிவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஏழாம் நாள் பூசை முடிந்தபின், முடிந்த வீல்களை மட்டுமாவது மாட்டிப் பார்ப்போம் என்று, நான் வழக்கமாகப் போகும் டயர் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்கார பாஷா பாய் அவற்றைத் தொடக்கூட இல்லை.

"இத ஏன் சார் தூக்கினு வந்தீங்க? உங்க வண்டிக்கு ஏறாது. போல்ட் ஓட்டை அளவே வேற. அந்தோணி சார் அப்பவே ஒண்ணக் கொண்டாந்து காட்டினாரே. உங்களாண்ட சொல்ல வேணான்னுட்டாரு."

அங்கேயே ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். வேலை முடிந்தால் மாட்டிப் பார்க்க வேண்டும், மாட்டினால் குட்டு வெளிப்படும். அதனால்தான் முடியவே விடவில்லை. "நீங்க வர்றது நின்னுடுமேன்னுதாண்ணா" என்கிறார், விஷயத்தைக் கேட்ட மேரி. எனக்குத் தெரிந்த அந்தோணி அப்படிப்பட்டவன் இல்லை. அது அவனுடைய வறட்டு வீம்பு. எதுவானாலும், சட்டையைப் பிடித்துக் கேட்க ஆள் இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

நாலாவது வீலையும் மேரி என்னிடமே கொடுத்துவிட்டார். நாலையும் சேர்த்துக் காயலான் கடையில் போட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் போன ஞாயிறு அந்த ப்ரைமரை எடுத்து நாலாவது வீல்மேல் அடித்தேன். காய்ந்ததும், போதும் என்று எழுந்தேன். எழும்போது கட்டைவிரல் நகம் தானாக விளிம்பில் ஓடியது.

மாட்டியது.

பாவி, எனக்கென்று விட்டுப்போனது இந்த நகத்தைத்தான். அவனைத் திட்டிக்கொண்டே மறுபடி உப்புத்தாளை எடுத்தேன்.