ஹைட்ரூன் நின்ற சிவப்பு

எங்கள் ஊரில் சிக்னல் இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான். தேவாலயத் தெரு போய் நெடுஞ்சாலையில் சேர்கிற முனை அது. அந்த சிக்னலையும் ஹைட்ரூன் ப்ரூயிட்டையும் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். பாதி இட்டுக்கட்டியது. நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி, பெயர் வெல்டா. இந்த ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவளும் நான்தான். அவள் காருக்குப் பின்னால் அந்த சிக்னலில் என்னைப் போலக் காத்துக் கிடந்தவர்கள் யாரும் இல்லை. அதனால் நான் சொல்வதை நம்பலாம்.

அவள் ஜெர்மனிக்காரி. ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கப் போன எங்கள் லீலண்ட் ப்ரூயிட், அங்கே அவளைப் பார்த்து, மயங்கி, கல்யாணமும் செய்துகொண்டு அமெரிக்காவில் எங்கள் மிசூரிக்குக் கூட்டி வந்துவிட்டான். ஹைட்ரூன் என்று சொல்ல எங்கள் வாய்க்கு வரவில்லை. ஹைடி ஆக்கிவிட்டோம். வந்த புதிதில் ரொட்டி வாங்கக் கடைக்கு நடந்து போனாளாம். நடைபாதை இருந்தால்தானே? புல்லிலும் சேற்றிலும் கால் வைத்துப் போனவளைப் பார்த்து வழியில் போன காரெல்லாம் நின்று, வண்டி கெட்டுப்போய்விட்டதா, ஏற்றிக்கொண்டு போகவா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, இந்த ஊரில் மனுஷர்களுக்குக் கால் எதற்கு இருக்கிறது என்று லீலண்டைப் பிடித்துக்கொண்டாள்.

சரி, கார் ஓட்டக் கற்றுக்கொள் என்றான். அங்கே ஆரம்பித்தது வினை. நாங்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள். சிவப்பு எரிந்தாலும் ஒரு தரம் நின்று, யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பிக்கொள்ளலாம். எங்கள் சட்டம் அப்படி. அவள் வளர்ந்த ஊரில் சிவப்பு என்றால் நேராகவும் கிடையாது, வலமும் கிடையாது. லைசென்ஸ் கொடுக்க வந்த அதிகாரி, பக்கத்தில் உட்கார்ந்து, போகலாம் போகலாம் என்று கையைக் காட்டியிருக்கிறார். இவள் அசையவில்லை. போகலாம் என்றால் எதற்குச் சிவப்பு விளக்குப் போட்டீர்கள் என்று அவரையே கேட்டாளாம். இன்னொரு நாள் இவளோடு உட்கார வேண்டி வருமே என்ற பயத்தில்தான் அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டார் என்று லீலண்ட் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அவன் மட்டும் என்ன ஒழுங்கு? மாமனார் ஊருக்குப் போனபோது, இங்கே செய்கிற மாதிரியே சிவப்பில் வலப்பக்கம் திரும்பிவிட்டான். பெரிய தெருவில் போகிறோம் என்ற நினைப்பில், வலப்பக்கத்துச் சந்திலிருந்து வந்த டிராக்டருக்கு வழி விடாமலும் போயிருக்கிறான். அங்கே எந்தப் பலகையும் இல்லாத முனையில், எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும், வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் வழி. பின் சீட்டில் இருந்த மாமனார் வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மட்டும், மகளைப் பார்த்து, உன் புருஷன் ஓட்டுகிறானா வேட்டையாடுகிறானா என்று கேட்டாராம்.

எங்கள் நாட்டில் அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. என் பேருந்து நின்று, சிவப்பு விளக்கு மின்னி, பக்கவாட்டில் 'நில்' என்ற பலகை விரிந்ததும் இரண்டு பக்கமும் வருகிற வண்டிகள் எல்லாம் நின்றுவிடும். பிள்ளைகள் சாவகாசமாகத் தெருவைக் கடப்பார்கள். இது ஒன்றுதான் உங்கள் சட்டத்தில் உருப்படி என்பாள். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆனாலும் ஆளில்லாத தெருவில்கூடச் நடக்கிறவர்களுக்கான விளக்கில் சிவப்பு மனித உருவம் எரிந்தால் பனியில் நின்று விறைத்துக்கொண்டிருப்பாள். ஏதாவது ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும், அது நம்மைப் பார்த்துத்தானே பழகும் என்பது அவள் கட்சி.

இன்னொரு பழக்கம் இருந்தது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவள் ஊரில் சிக்னல் கம்பம் நாம் நிற்கிற கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கோட்டை ஒட்டி நின்றால் விளக்கு தலைக்கு மேலே போய்விடும், தெரியாது. அதனால் கொஞ்சம் தள்ளியே நிறுத்திப் பழகியவள். எங்கள் ஊரில் விளக்கு சாலைக்கு அந்தப் பக்கம் தொங்குகிறது. இங்கே கோடு வரை போய் நிற்க வேண்டும். ஏனென்றால் கோட்டுக்குப் பக்கத்தில் தாருக்கு அடியில் கம்பிச் சுருள் புதைத்திருக்கிறார்கள். அதன் மேல் வண்டி நின்றால்தான் ஆள் நிற்பது சிக்னலுக்குத் தெரியும், பச்சை சீக்கிரம் வரும். அவளோ எப்போதும் ஒரு கார் நீளம் பின்னாலேயே நிற்பாள்.

"முன்னால போ, ஹைடி. நீ நிக்கிறது அதுக்குத் தெரியல," என்பான் லீலண்ட்.

"விளக்கை நான் பாக்கணுமா, விளக்கு என்னைப் பாக்கணுமா?" என்பாள் அவள். ஆனால் அவன் சொன்னால் நகர்ந்துவிடுவாள்.

அவன் இல்லாமல் தனியாக வந்தால் அந்த வேலை எங்களுடையது. பின்னால் நிற்கிறவர் ஹார்ன் அடிப்பார். அவள் ஜன்னல் வழியே கையை நீட்டி, வாத்தியாரம்மா மாதிரி விரலை ஆட்டிவிட்டு, மெல்ல முன்னால் நகர்வாள். பச்சை விழும். நாற்பது வருஷம் இப்படியே ஓடியது. ஹார்ன் அடிக்காமல் அந்த முனையைக் கடந்தால் அன்றைக்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

போன வருஷம் மார்ச் மாதம், விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். முகம் கழுவப் போன லீலண்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மாவட்டத்தின் மறுகோடியில் நடந்த ஒரு விபத்துக்கு ஆம்புலன்ஸ் போயிருந்தது. திரும்பி வர நேரமாகும் என்றார்கள். அவன் சாவி மாட்டியிருந்த ஆணியைக் கையால் காட்டினான். எப்படித்தான் தூக்கினாளோ, முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டாள். நான் பேருந்தின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கார் போவதைப் பார்த்துக் கையசைத்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முனையில் சிவப்பு. ஆஸ்பத்திரி வலப்பக்கம். நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் ஈ காக்கை இல்லை.

அவள் நின்றாள். எப்போதும் போல, ஒரு கார் நீளம் தள்ளி.

முன்னால் போ என்று சொல்கிறவன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். பின்னால் ஒரு வண்டியும் இல்லை. அங்கே ஒருத்தி நிற்பது சிக்னலுக்குத் தெரியாது. சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று நான் அவளைக் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். கடைசியில் டுவெய்ன் கெல்லர் தானிய லாரியில் பின்னால் வந்து நின்று வழக்கம்போல ஹார்ன் அடித்தான். அவள் கையைத் தூக்கி விரலை ஆட்டினாள். முன்னால் நகர்ந்தாள். பச்சை விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது லீலண்டுக்கு உயிர் இல்லை.

நெஞ்சில் இருக்கிற பெரிய ரத்தக் குழாய் வெடித்துவிட்டது, ஆஸ்பத்திரி வாசலிலேயே நடந்திருந்தாலும் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு அவனுடைய மூக்குக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்தாள். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தைகூட நம்பவில்லை.

டுவெய்னுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, இன்னைக்கும் உங்க ஹைடி என்கிட்ட விரலை ஆட்டினா என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். மத்தியானத்துக்குள் கதையின் மற்ற பாதியும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவன் அந்தக் கடைப் பக்கம் வெகு நாள் வரவில்லை. அவள் முகத்துக்கு நேரே யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டு வாசலில் சமைத்த சாப்பாடு பாத்திரம் பாத்திரமாக வந்து குவிந்தது. அதோடு, யாரும் பேசி வைத்துக்கொள்ளாமலே, ஊர் அவளுக்குப் பின்னால் ஹார்ன் அடிப்பதை நிறுத்திவிட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நல்ல மனசு. அதை எங்கே காட்டுவது என்றுதான் தெரியாது. அவள் அதே இடத்தில், ஒரு கார் நீளம் தள்ளி நிற்பாள். பின்னால் வண்டிகள் வரிசையாகச் சேரும். கம்பிச் சுருளின் மேல் எதுவும் இல்லாததால் பச்சை வராது. ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், கையைக் கூட ஸ்டியரிங்கிலிருந்து எடுக்க மாட்டார்கள். எப்போதோ சிக்னலே சலித்துப்போய்ப் பச்சை காட்டும். சவ ஊர்வலம் போகிற மாதிரி எல்லோரும் அவள் பின்னால் போவோம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் நானும் அடிக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள், ப்ளம் கேக் செய்து எடுத்துக்கொண்டு என் சமையலறைக்கு வந்தாள். உட்கார்ந்ததும் கேட்டாள்.

"வெல்டா, நீங்கள்லாம் ஏன் ஹார்ன் அடிக்கிறதில்ல?"

மரியாதைக்குத்தான் என்று ஏதோ உளறினேன்.

"பொய் சொல்லாதடி. நான்தான் அவனைக் கொன்னேன்னு நினைக்கிறீங்க. அதான் அடிக்க மாட்டேங்கிறீங்க."

டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு உறுத்துகிறது என்றால் இன்னும் ஏன் அங்கே போய் நிற்கிறாய், ஊரே திரும்புகிற மாதிரி சிவப்பில் திரும்பித் தொலைக்க வேண்டியதுதானே, உன்னை யார் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவள் கேக்கை வெட்டி என் தட்டில் வைத்தாள்.

"இப்ப திரும்பினேன்னா, அன்னைக்கும் திரும்பியிருக்கலாம்னு ஆயிடும். அப்புறம் அந்த வீட்ல நான் எப்படிப் படுத்துத் தூங்குறது?"

 நான் காப்பி ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எங்க ஊர்ல பச்சைக்கு முன்னாடி சிவப்பும் மஞ்சளும் சேந்து எரியும்," என்றாள். "கிளம்பப் போற, தயாரா இருன்னு சொல்ற மாதிரி. இங்க எதுவும் சொல்லிட்டு வராது. நாற்பது வருஷத்துல எனக்கு அது மட்டும் பழகவே இல்ல. அவன் முன்னால போன்னு சொன்னாத்தான் என் கால் நகரும். நீங்க ஹார்ன் அடிச்சாலாவது நகரும்."

அவள் போன பிறகு சமையலறையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். லீலண்டுக்காக அழுதேனா அவளுக்காகவா என்று தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காலிப் பேருந்தோடு வந்துகொண்டிருந்தேன். முனையில் அவள் கார். சிவப்பு. எனக்குப் பின்னால் டுவெய்னின் லாரி, அதற்குப் பின்னால் இன்னும் சில வண்டிகள். எல்லாம் கப்சிப். என் பேருந்தின் ஹார்ன் ஊருக்கே கேட்கும். கையை அதன் மேல் வைத்தேன், எடுத்தேன். இது அவள் நெஞ்சில் குத்துமோ என்று பயமாக இருந்தது. பிறகு அமுக்கினேன்.

பக்கவாட்டுக் கண்ணாடியில் டுவெய்ன் தலையில் கை வைத்துக்கொள்வது தெரிந்தது. அவள் காரில் அசைவே இல்லை. தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஜன்னல் கண்ணாடி இறங்கியது. கை வெளியே வந்தது. விரல் ஆடியது. கார் மெல்ல முன்னால் நகர்ந்து கோட்டில் போய் நின்றது.

பச்சை விழுந்தது. அவள் போகவில்லை. பேருந்தின் உயரத்திலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துத் தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். லீலண்டைப் புதைத்த அன்றுகூட அவள் எங்கள் முன்னால் அழவில்லை. பச்சை முடிந்து மஞ்சள் வந்து மறுபடி சிவப்பு விழுந்தது. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. அடுத்த பச்சைக்கு அவளாகவே கிளம்பிப் போனாள்.